ரசீதில் இல்லாத பெயர்

வீட்டு வரி ரசீதைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொகையைப் பார்த்து வருவதில்லை அது. ரசீதில் என் பெயர் இருக்கிறது. மண்டலம் 7, அம்பத்தூர் என்று இருக்கிறது. வார்டு, தெரு, கதவு எண், எந்த அரையாண்டு, எவ்வளவு பாக்கி, எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு வாங்கலாம் என்று முடிவெடுத்தது யார், வாங்கியதை எதில் போடலாம் என்று முடிவெடுத்தது யார் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. ரசீதில் அதையெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள் என்பது தெரியாமல் இல்லை. மளிகைக் கடைச் சீட்டில்கூட விலை வைத்தவன் பெயர் இருப்பதில்லைதான். ஆனால் அங்கே பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே, திருமுல்லைவாயலுக்குள் நுழைந்தால் ஆவடி மாநகராட்சி. தெற்கே இறங்கினால் திருவேற்காடு, பூந்தமல்லி என்று நகராட்சிகள். மழைத் தண்ணீர் இந்த எல்லைகளையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. ஆனால் வரி கேட்டுக்கொண்டுதான் போகிறது. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தபோது அம்பத்தூர் நகராட்சியும் உள்ளே போனது. முன்பு ஊருக்குள்ளேயே இருந்த கேள்வியை அதன்பிறகு ரிப்பன் மாளிகைவரை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வழியில் அது எங்கே நழுவுகிறது என்பதுதான் தெரியவில்லை.

ரசீதில் ஓர் இனம் மட்டும் தான் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது: நூலக வரி. நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வற்புறுத்தி வந்ததன் பயனாக 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. சொத்து வரியின் மேல் ரூபாய்க்குச் சில பைசா என்று தொடங்கியது, இன்று நூற்றுக்குப் பத்து. அந்தப் பத்து என்ன செய்கிறது என்பதைக் கிளை நூலகத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். கதவு திறக்கும் முன்பே வாசலில் நான்கைந்து பேர் நிற்பார்கள். பெரும்பாலும் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். தினசரியைத் தாள் தாளாகக் கழற்றிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் முதல் பக்கத்தை முடிக்கும்வரை இன்னொருவர் விளையாட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரோர மேசையில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பெண்கள். புத்தகங்களில் பழைய காகிதத்தின் புளித்த வாசனை, ஊதா மையில் பாதி விழுந்த முத்திரை. மின்விசிறி சத்தம் போடும். இந்த விசிறிக்கு நானும் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது. பிறகு அந்த நிம்மதியின் மேலேயே சந்தேகம் வருகிறது. உள்ளாட்சிகள் நூலக வரியை வசூலித்துவிட்டு நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பது ஆண்டுக்கணக்காகப் பத்திரிகைகளில் வரும் சேதி. இப்படிப் பெயர் வைத்து வாங்குவதை ஒன்றிய அரசும் செய்கிறது: வருமான வரியின் மேல் சுகாதாரத்தின் பெயராலும் கல்வியின் பெயராலும் நூற்றுக்கு நான்கு என்று ஒரு செஸ் வாங்குகிறது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செஸ் என்று பெயரிட்டுவிட்டால் அந்தப் பணத்தை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. பங்கிடும் வரிகளில் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 41 சதவீதம். 2021 முதல் ஐந்தாண்டுக்கு அதில் தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். ஆகவே வரிக்குப் பெயர் சூட்டுவது கணக்குக் காட்டுவதற்காக மட்டும் நடப்பதில்லை. கணக்கிலிருந்து எடுத்து வைப்பதற்காகவும் நடக்கிறது.

வரி என்றாலே பிடுங்குவது என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் ஒருநாள் சுற்ற வேண்டும். புறம்போக்கிலும் அங்கீகாரம் இல்லாத மனையிலும் வீடு கட்டிக்கொண்டவர்கள், எனக்கு வரி போடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு நடப்பார்கள். வீட்டு வரி ரசீது இருந்தால் ஈ.பி. இணைப்புக்கு நீட்டலாம், விலாசத்துக்கு நீட்டலாம், நாளைக்குப் பொக்லைன் வந்தால் அதற்கு முன்னாலும் நீட்டிப் பார்க்கலாம். அவர்களுக்கு வரி என்பது அரசாங்கம் தங்களைப் பார்த்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி. பார்த்த அரசாங்கம் பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு விஷயம். 2016 அக்டோபரோடு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, இந்தப் பகுதி முழுவதும் தனி அலுவலர்கள் கையில் இருந்தது. கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அந்தக் காலத்தில்தான், 2018 ஜூலையில், சொத்து வரி உயர்ந்தது. அதே காலத்தில்தான், 2019இல், ஆவடி நகராட்சி மாநகராட்சி ஆனது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் வரி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியதை வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, மார்ச் 4இல் மேயர்கள் வந்தார்கள், ஏப்ரல் பிறக்கும்போது புது உயர்வு அறிவிக்கப்பட்டது. பழைய சென்னையில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1800க்கு மேல் 150 சதவீதம். 2011இல் சேர்ந்த எங்கள் பக்கத்துக்கு 25 முதல் 100 வரை. எங்களுக்குக் குறைவுதான். பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் கம்மி என்பதும் நியாயம்தான். பல ஆண்டுகளாகத் தொடாத வரியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. என்னை உறுத்துவது அந்த வரிசைமுறை: ஓட்டு கிடையாதபோது ஏறுகிறது, ஓட்டு நெருங்கும்போது நிற்கிறது, ஓட்டுப் போட்டு முடித்த கை மை காய்வதற்குள் மறுபடியும் ஏறுகிறது. யாரைக் கேட்பது? கவுன்சிலர் மன்றத் தீர்மானத்தைக் காட்டுவார். மன்றம் கோட்டையின் அரசாணையைக் காட்டும். கோட்டை டெல்லியைக் காட்டும்: சொத்து வரியைத் திருத்தி, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்டினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. நிதிக்குழுவோ அரசமைப்புச் சட்டத்தைக் காட்டும். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது. பொய் சொல்கிறவன் ஒருவன் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். எல்லோரும் உண்மை சொல்கிற இடத்தில் எந்தச் சட்டையைப் பிடிப்பது?

முடிவெடுத்தவர்கள் முகம் தெரிய உட்கார்ந்திருந்த ஒரு நாள் இதே மண்ணில் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. யு.என். தேபர் தலைவர், நேரு பிரதமர், காமராஜர் முதலமைச்சர். சோஷலிச பாணிச் சமுதாயம்தான் குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பொதுத்துறையில் மட்டும் 4,800 கோடி ரூபாய் என்று கணக்கு. பந்தலில் கைதட்டியாயிற்று, பணம்? கேம்பிரிட்ஜிலிருந்து பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் வந்து 1956இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டி 1957இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்தின் மேல் செல்வ வரியும், செலவின் மேல் செலவு வரியும் கொண்டுவந்தார். செலவு வரி என்ற யோசனை இன்றைக்கும் என்னை விடுவதில்லை. ஒரு மனிதன் சம்பாதிப்பது ஊருக்கு அவன் தருவதற்கான கூலி, அவன் செலவழிப்பதுதான் ஊரிலிருந்து எடுத்துக்கொள்வது. எடுத்துக்கொள்வதற்கு வரி போடு என்பது அதன் தர்க்கம். கேட்க அழகாக இருக்கிறது. கட்டியவர்கள் சொற்பம், வந்தது சொற்பம். 1962இல் எடுத்தார்கள், 1964இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1966இல் ஒரேயடியாக விட்டுவிட்டார்கள். செல்வ வரி 2015வரை தாக்குப்பிடித்தது. ஆவடியில் தீர்மானம் போட்டவர்களின் கனவில் வரிப் பக்கம் இப்படிக் கரைந்து போனது. செலவுப் பக்கம் மட்டும் கல்லும் இரும்புமாக நின்றுவிட்டது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. படைத்துறை உடைத் தொழிற்சாலை, குடியிருப்பு, பள்ளி, மைதானம், முடிவில்லாமல் கூடவே வரும் மதில். ஒரு கிராமத்துக்கு அது ஊரென்ற பெயரைக் கொடுத்தது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த வீடுகள் எத்தனையோ. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 285ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. சேவைக் கட்டணம் என்று, பயன்படுத்தும் வசதிக்கேற்ப, போட்டிருக்கக்கூடிய வரியில் 75, 50, 33⅓ சதவீதம் என்று ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் பேசி வாங்க வேண்டியது. நாட்டுக்குக் காவல் எனும்போது கணக்குப் பார்க்கலாமா என்று ஒரு மனம் கேட்கிறது. மதிலுக்கு வெளியே 600 சதுர அடிக்காரனிடம் மட்டும் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறோமே என்று இன்னொரு மனம்.

'என் வரிப்பணம்' என்று சொல்கிற குரலை இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கலாம். அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுவில், மின்சார ரயிலின் ஜன்னலோரத்தில், சுகர் மாத்திரையோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம். மகளிருக்கு ஆயிரம் ரூபாய், பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், பள்ளியில் காலை உணவு என்று எதைப் பேசினாலும் அந்த 'என்' முதலில் வந்து நிற்கும். 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் அந்த 'என்' கொஞ்சம் ஆட்டம் காணும். லேத்தில் கடைந்த இரும்புச் சுருள்களின் மேல் கூலன்ட் எண்ணெயின் நெடி. அந்த நெடி சட்டையோடு வெளியே வந்து டீக்கடைவரை நடந்து வரும். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒடியாவோ இந்தியோ பேசுகிறார்கள். ஆறு பேருக்கு ஓர் அறை. அந்த அறையின் வாடகைக்குள் வீட்டு வரி இருக்கிறது. ரசீதில் அவர்கள் பெயர் இல்லை. 2025 செப்டம்பர் 22வரை அவர்கள் வாங்கிய குளியல் சோப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்குப் பிறகு 5. பொருள் எங்கே விற்று முடிகிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் மாநிலப் பங்கு என்பது ஜி.எஸ்.டி.யின் விதி. ஆகவே அந்த இளைஞனின் சோப்பு வரியில் ஒரு பாதி தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு வருகிறது. ஓட்டோ பாலசோரிலோ சமஸ்திபூரிலோ இருக்கிறது. இங்கே கொடுக்கிறான், இங்கே கேட்க முடியாது. அங்கே கேட்கலாம், அங்கே கொடுக்கவில்லை. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்ற எண்ணம் எப்படி நம்மிடம் வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். டாஸ்மாக் வழியாக மாநிலத்துக்கு வந்த வருவாய் 2024-25இல் 48,000 கோடியைத் தாண்டியது. மகளிருக்கான அந்த ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகைக்கு ஆண்டுக்கு 13,000 கோடிக்கு மேல். பேட்டையின் சாலையோரக் கடையில் சம்பள நாளன்று நிற்கும் வரிசையைப் பார்க்கிறவனுக்கு யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு தலைகீழாகத் தெரியும். புருஷனிடம் வாங்கிப் பெண்டாட்டியிடம் கொடுக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அந்தச் சிரிப்பில் எனக்குச் சம்மதமில்லை. அவனிடம் எவ்வளவு வாங்குவது என்று அவளைக் கேட்கவில்லை; வாங்காமலே இருந்துவிடலாமா என்றும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டவர்களில் இன்னும் பிறக்காதவர்களும் உண்டு. அம்பத்தூரின் தெருக்களைத் தோண்டிப் போட்ட மழைநீர் வடிகால், கொசஸ்தலையாற்று வடிநிலத் திட்டம், 3,220 கோடி. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனும் சேர்ந்தது. அந்த வங்கியின் தலைமையகம் மணிலாவில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரை வரும் மெட்ரோ பாதை, 63,246 கோடி ரூபாய் இரண்டாம் கட்டத்தின் ஒரு பகுதி. மாநில அரசு பன்னாட்டு வங்கிகளில் கடன் வாங்கி வேலையைத் தொடங்கி ஆண்டுகள் கழிந்த பிறகுதான், 2024 அக்டோபரில், ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பூந்தமல்லி போகும் சாலையில் தூண்களுக்கு நடுவே புழுதி தின்றுகொண்டு பேருந்தில் போனவர்களுக்கு அந்த ஆண்டுகளின் நீளம் தெரியும். கடன் என்பது தேதி தள்ளிப்போட்ட வரி. அதில் தப்பில்லை என்றே ஒருபக்கம் படுகிறது: வடிகால் என் காலத்துக்குப் பிறகும் தண்ணீரை வடிக்கும், ரயில் என் பேரனையும் ஏற்றிக்கொள்ளும், அவனும் கொடுக்கட்டுமே. ஆனால் வடிகாலின் மேல் மூடி வைப்பதா திறந்து விடுவதா, எந்தத் தெருவில் முதலில், ஏரியின் போக்குக்கால் எங்கே அடைந்திருக்கிறது என்பதையெல்லாம் திட்ட அறிக்கை எழுதிய ஆலோசகரைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதைச் சுவரில் கை வைத்துக் காட்டக்கூடியவர்கள். மணிலாவுக்குத் தெரிந்த திட்டம் மண்ணூர்பேட்டைக்குத் தெரிந்தது பள்ளம் தோண்டிய அன்றைக்குத்தான்.

பழைய காலம் ஒழுங்காக இருந்தது என்று சொல்லி இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ளத் தோன்றும். அதற்கான சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. 1763இல் ஆற்காடு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போன செங்கல்பட்டு ஜாகீரை, பூந்தமல்லிப் பக்கத்தையும் சேர்த்து, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளை மறுபடியும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஆய்வாளர் தரம்பால். ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் களத்துமேடு கண்ணெதிரே வருகிறது: நெல்லைத் தூற்றிக் குவித்ததும் கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று மரக்காலும் படியுமாக அளந்து வைப்பார்கள். மேரை என்று அதற்குப் பெயர். ஏரிக்கு ஒதுக்கிய நெல் ஏரிக்குப் போனதா என்று பார்க்கத் தணிக்கையாளர் வேண்டாம். அடுத்த மழைக்கு மடையைப் பார்த்தால் போதும். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வரி, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த செலவு. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மயங்கிக் கிடக்கலாம். மூன்றாம் நாள் தெளியும். அந்தக் குவியலை அறுத்துக் கட்டிச் சுமந்து வந்தவனும் அங்கேதான் நின்றான். அளப்பதை முழுக்கப் பார்த்தான். தனக்கு எவ்வளவு என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. பிறந்த சேரியே அதை முடிவு செய்துவிட்டது. கணக்கைக் கண்ணால் பார்ப்பதும் கணக்கில் கை வைப்பதும் ஒன்றாகாது என்பதைக் களத்துமேட்டைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. இன்றைய பட்ஜெட் புத்தகங்கள் இணையத்தில் கிடக்கின்றன. மாநகராட்சியின் கணக்கும் கிடக்கிறது. வெளிப்படைத்தன்மை என்று அதைப் பாராட்டுகிறோம். அறுவடைக்காரனும் களத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் வெளிப்படையாகத்தான் பார்த்தான்.

கை வைப்பதற்கு ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. 1992இன் 74ஆவது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாடு வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதி எழுத 2022 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 1இல் பம்மலில் முதலமைச்சர் வந்து பகுதி சபை நடத்தினார். கிராம சபைக்கு இருக்கும் கூட்டமும் கூச்சலும் நம் பக்கத்துப் பகுதி சபைகளுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன பேசுவோம் என்று யோசித்தால், வரியைக் குறை என்றுதான் முதலில் கத்துவோம் என்று தோன்றுகிறது. அது இரண்டாவது கேள்வி. இந்த வார்டில் சென்ற ஆண்டு எதற்கு எவ்வளவு செலவானது, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார், வரும் ஆண்டு எது முதலில் என்பது முதல் கேள்வி. வாடகை அறைக்காரனையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்க முடியுமா என்பது மூன்றாவது. நாற்காலி காலியாக இருந்தால் அதில் ஒப்பந்தக்காரர் உட்கார்ந்துகொள்வார். ஆகவே போய் உட்காருங்கள். கூட்டமே கூட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு வார்டின் செலவுப் பட்டியலைக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். தருகிறவரின் பெயரும் பதவியும் கையெழுத்தும் அதில் இருக்கும்.